மல்லிகையை எரித்தால் மல்லிகை மணக்குமா?

போன இதழில், சாமி படத்துக்குப் போட்ட பூவை நான் குப்பையில் போடுவதில்லை, காயவைத்துத் தூபம் செய்துகொள்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சமையல் குறிப்பு கேட்டு வருவதைவிட அந்த ஒரு வரிக்கு அதிகமாகக் கடிதம் வந்துவிட்டது. ஆசிரியர் கூப்பிட்டு, "இந்த மாசம் முழுக்கப் பூவும் புகையுமே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டார். சரி, இருக்கட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. அப்பா சேலம் வ.உ.சி. மார்க்கெட்டில் ஒரு பூ மண்டியில் கணக்கு எழுதினார். குகையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஆனால் அம்மா, அத்தை, நான், தங்கை எல்லோரும் பூ கட்டுவோம். பூவோடு ஐம்பது வருஷப் பழக்கம். தூபத்தோடு ஆறு வருஷம்தான். அதிலும் முதல் இரண்டு வருஷம் கெடுத்ததுதான் அதிகம்.

அக்கா, தலையில் வைத்த மல்லிகைச் சரம், சாமிக்குப் போட்டது எல்லாவற்றையும் மூன்று மாதம் சேர்த்துக் காயவைத்தேன். பொடித்து, ஒட்டுவதற்கு ஜிகட் பட்டைப்பொடி போட்டுப் பிசைந்து, கோன் மாதிரி பிடித்து ஏற்றினால் சருகு எரிகிற நாற்றம்தான் வருகிறது. எங்கே தப்பு செய்தேன்?
— அம்மாபேட்டை வாசகி

தப்பு உங்கள் மேல் இல்லை கண்ணு, மல்லிகை மேல். குண்டுமல்லி மொட்டு சாயங்காலம் அவிழும்போதுதான் வாசத்தை உண்டாக்கிக் காற்றில் விடுகிறது. நாளைக்கு ஆகட்டும் என்று இதழுக்குள் எடுத்து வைத்துக்கொள்கிற புத்தி அதற்குக் கிடையாது. ராத்திரி வீடு முழுக்க மணந்த சரம் மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மூன்று மாதம் காய்ந்த பூவில் மிச்சம் இருப்பது வெறும் இதழ்ச் சருகு. சருகை எரித்தால் சருகு வாசம்தான் வரும். வாசனைத் திரவியத்துக்கு மல்லிகை வாங்குகிற ஆலைக்காரர்கள் பறித்த பூவை அன்றைக்கே கொண்டுவரச் சொல்வது இதனால்தான். காய்ந்த மல்லிகையை அவர்களிடம் கொண்டுபோனால் சிரிப்பார்கள்.

அப்படியானால் கடை மல்லிகை ஊதுபத்தி மட்டும் எப்படி மணக்கிறது? அதில் மல்லிகை இருந்தால்தானே! கரித்தூளையும் ஒட்டுப்பொடியையும் குச்சியில் உருட்டிக் காயவைத்து, செயற்கை வாசனைத் தைலத்தை இன்னொரு மலிவான ரசாயன எண்ணெயில் கரைத்து, அதில் முக்கி எடுக்கிறார்கள். அதே கறுப்புக் குச்சியை ரோஜாத் தைலத்தில் முக்கினால் ரோஜா பத்தி, சந்தனத் தைலத்தில் முக்கினால் சந்தன பத்தி.

நான் இரண்டு வருஷம் கெடுத்துக் கற்றது இதுதான்: இதழில் இருக்கிற வாசம் ஓடிப்போகும். இலையிலும் வேரிலும் பட்டையிலும் பிசினிலும் இருக்கிற வாசம் தங்கும். ஆகவே பூப்பொடியை உடம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லப் புகைந்து எரிவது அதன் வேலை. மணக்கிற வேலைக்கு வேறு ஆள் போட வேண்டும். பூமாலையிலேயே அந்த ஆட்கள் பாதி இருக்கிறார்கள். கதம்பத்தில் வருகிற மரிக்கொழுந்து, துளசி இரண்டும் காய்ந்தாலும் வாசம் விடாது. பன்னீர் ரோஜா இதழ் கொஞ்சம் தாங்கும், ஏற்றியதும் அதுவும் போய்விடும், ஆனால் டப்பாவைத் திறக்கும்போது மனசுக்கு நன்றாக இருக்கும். வெட்டிவேர், குங்கிலியம், சாம்பிராணி மூன்றும் நாட்டு மருந்துக் கடையில் வாங்க வேண்டும்.

என் அளவு இது. சலித்த பூப்பொடி இரண்டு டம்ளர், வறட்டியை இடித்த தூள் ஒரு டம்ளர், மரிக்கொழுந்து, வெட்டிவேர்ப் பொடி இரண்டும் சேர்ந்து அரை டம்ளர், சாம்பிராணியும் குங்கிலியமும் பொடித்தது கால் டம்ளர், ஜிகட் ஒரு டம்ளர். வறட்டி பிடிக்காதவர்கள் கொட்டாங்குச்சிக் கரியைப் பொடித்துப் போடலாம். ஒரே ஒரு ஸ்பூன் நெய். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்துப் பிறகு பிடியுங்கள். நிழலில் நாலைந்து நாள் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேலே காய்ந்து வெடிக்கும், உள்ளே ஈரம் நிற்கும், ஏற்றினால் பாதியில் அணையும்.

வாசம் போதவில்லை என்று சாம்பிராணியை அள்ளிப் போடாதீர்கள். பிசின் அதிகமானால் அது உருகி நெருப்பையே அணைத்துவிடும். நெய்க்கும் அதே கதைதான்.

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஆடிப் பண்டிகை முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு மூட்டை பூ சேர்கிறது. வழக்கமாக வண்டி வந்து அள்ளிப் போகும். இந்த வருஷம் பெண்கள் சேர்ந்து தூபம் செய்யலாம் என்று இருக்கிறோம். எல்லாப் பூவையும் கலந்து அரைக்கலாமா?
— செவ்வாய்ப்பேட்டை வாசகர்

கலக்காதீர்கள். இந்த மாதக் கடிதங்களில் ஒன்றுக்குத்தான் பதில் எழுத முடியும் என்றால் நான் உங்களுடையதைத்தான் எடுத்திருப்பேன்.

சேலத்து மாலையில் என்ன இருக்கும்? சாமந்தி, செண்டுமல்லி, சம்பங்கி, கோழிக்கொண்டை, அப்புறம் அரளி. பனமரத்துப்பட்டிப் பக்கம் போனால் காடு காடாக அரளித் தோட்டம்தான். விடியற்காலையில் மொட்டாகப் பறித்து மூட்டை மூட்டையாக இறக்குவார்கள். வெள்ளை, சிவப்பு, ரோஸ் என்று எல்லா நிறத்திலும் வரும், வாடாமல் நிற்கும், விலையும் கட்டுப்படியாகும். அதனால் அரளி இல்லாத அம்மன் மாலையே நம் ஊரில் இல்லை.

அந்த அரளியில் வேர், இலை, பூ, பால் எல்லாமே விஷம். காயவைத்தாலும் விஷம் போகாது, எரித்தால் வருகிற புகையும் ஆகாது. சாமிக்குச் சாத்துவதில் ஒரு குறையும் இல்லை, மூக்குக்குள் இழுப்பதுதான் ஆகாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது வருஷம் ஆடி மாதம் ஒரு கோயிலிலிருந்து ஒரு மூட்டை வாங்கிவந்து, மாடியில் கயிற்றுக் கட்டிலில் பழைய புடவையை விரித்துக் கொட்டிவிட்டேன். பச்சையாக இருக்கும்போது அரளியை யாரும் கண்டுபிடிப்பார்கள். காய்ந்தபின் எல்லாம் ஒரே பழுப்பு, சாமந்தி எது அரளி எது என்று தெரியாது. அப்படியே அள்ளி அரைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கப் மாதிரி பிடித்த தூபம் இரண்டை ஏற்றினேன். அரை மணி நேரத்தில் எனக்குத் தலைவலி, குமட்டல். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியாருக்கு இருமல் நிற்கவே இல்லை. டாக்டரிடம் போனபோது என்ன எரித்தீர்கள் என்று கேட்டார். பூ என்றேன். என்ன பூ என்று கேட்டார். அதற்குத்தான் பதில் தெரியவில்லை. அரளியால் வந்ததா, கதவைச் சாத்தியதால் வந்ததா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாலு கிலோ பொடியையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். மாமியார் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

ஆகவே பிரிப்பது பச்சையாக இருக்கும்போதே நடக்க வேண்டும், மூட்டை வந்த அன்றைக்கே. நாலு பேர் நாலு முறத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள். அரளி எந்த நிறமானாலும், மஞ்சள் நிறப் பொன்னரளியும் சேர்த்து, தனியே போய்விட வேண்டும். எருக்கு, ஊமத்தை வந்தாலும் அப்படித்தான். சிவன் கோயில் பூவை எடுக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விஷத்தைக் குடித்தவருக்குச் சாத்துகிற பூவும் பாதிக்குப் பாதி விஷம்தான். தனியே எடுத்த பூவை ஆடு, மாடு மேயாத இடத்தில் குழி வெட்டி மக்க விடுங்கள். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

அப்புறம் நூல். வாழைநாரில் கட்டியது என்றால் நாரையும் சேர்த்து வெட்டிக் காயவைக்கலாம். நைலான் நூல், ஜிகினா, வெள்ளித்தாள், தெர்மாகோல் உருண்டை எல்லாம் இப்போது மாலையில் வருகிறது. ஒரு துண்டு விடாமல் பொறுக்க வேண்டும், எரிந்தால் பிளாஸ்டிக் புகை. நீலச் சாமந்தி, பச்சைச் சாமந்தி என்று சாயத்தில் முக்கிய பூ வரும். ஈர விரலால் தேய்த்தால் நிறம் ஒட்டும், அதையும் கழித்துவிடுங்கள். குங்குமம் கொட்டிய பூவும் எனக்கு வேண்டாம். கடைக் குங்குமத்தில் இருப்பதும் சாயம்தான்.

வேப்பிலை மலையாகக் கிடக்குமே, அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தனியாகக் காயவைத்துப் பொடித்தால் வாசல் தூபத்துக்கு ஆகும். பூஜை அறையில் அதன் கசப்புப் புகை தாங்காது.

இவ்வளவு கழித்தபின் பன்னிரண்டு மூட்டை ஐந்தாறு மூட்டையாகிவிடும். அதையும் காயவைத்தால் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பொடி தேறும். பெண்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது நாள் மாடியில் நீங்கள் ஒருவர்தான் நின்றுகொண்டிருப்பீர்கள்.

ஒன்று பாக்கி. ரோஜாவுக்கும் சாமந்திக்கும் பறிக்கிற வரைக்கும் மருந்து அடிக்கிறார்கள். இரண்டு தண்ணீரில் அலசினால் மேலே இருப்பது கொஞ்சம் போகும், முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் கோயில் பூவில் செய்ததை வாசலிலும் மொட்டை மாடியிலும் ஏற்றச் சொல்லிக் கொடுங்கள். வீட்டுத் தோட்டத்துப் பூவில் செய்ததைத்தான் நான் கூடத்துக்குள் கொண்டுவருகிறேன், அதுவும் ஜன்னலைத் திறந்துவிட்டு.

ஜிகட் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவைப் போட்டால் ஒட்டுமா?
— ஆத்தூர் வாசகி

சேகோ ஃபேக்டரிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள்! 1981இல் ஆரம்பித்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இன்றைக்கும் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் விற்றுக் கொடுக்கிற ஊர் நம்முடையது. ஒட்டும், தாராளமாக ஒட்டும். இரண்டு ஸ்பூன் ஸ்டார்ச் மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறி, ஆறியதும் அந்தக் கஞ்சியால் பிசையுங்கள். மாவை உலராகப் போட்டால் ஒட்டாது.

குறையும் உண்டு. கஞ்சி கூடிப்போனால் காய்ந்ததும் கல்லாகி எரியாது. குச்சிக்குச் சரிப்படாது, கப்புக்கும் தடித்த கோனுக்கும் சரி. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வண்டும் வரும், ஆகவே இரண்டு மாதத்துக்குள் ஏற்றித் தீர்த்துவிடுங்கள். ஜிகட் என்பது காட்டு மரத்துப் பட்டையை உரித்து அரைத்த பொடி. பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். இது தெரிந்தபிறகு நானும் பாதி ஜிகட், பாதி கஞ்சி என்று மாற்றிக்கொண்டேன். பூவை வீணாக்கக் கூடாது என்று ஆரம்பித்துவிட்டு மரத்தை வீணாக்கினால் எப்படி?

ஏற்காடு மலையில் இருக்கிறோம். காப்பி பூக்கும்போது தோட்டமே மல்லிகை மாதிரி மணக்கிறது. அதில் தூபம் செய்யலாமா? இன்னொன்று, இங்கே மூடுபனியில் எதுவும் காய்வதில்லை.
— நாகலூர் வாசகி

காப்பிப் பூவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பங்குனியில் கோடை மழை ஒன்று பெய்து எட்டுப் பத்து நாள் கழித்து எஸ்டேட்டுக்குள் போனோம். கிளை தெரியாமல் வெள்ளை. என் வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டேன் என்று சொன்னவர், அப்புறம் ஏறமாட்டேன் என்றார்.

ஆனால் அது இரண்டு மூன்று நாள் கூத்து. பூவைப் பறித்தால் பழம் போச்சு, ஒவ்வொரு பூவும் ஒரு காப்பிப் பழம். தானாக வாடிப் பழுப்பாகி உதிர்ந்ததைக் கூட்டி எடுக்கலாம், ஆனால் அதில் மல்லிகைக்குச் சொன்ன கதைதான், வாசம் இருக்காது. உங்களிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. கமலா ஆரஞ்சுத் தோல். அதைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக் காயவைத்துப் பொடித்து அரை டம்ளர் போட்டுப் பாருங்கள். தோலில் எண்ணெய் உண்டு, வாசம் தங்குகிறது. தைல மர இலையும் கொஞ்சம் சேர்க்கலாம், அதிகமானால் ஜலதோஷத்துக்கு ஆவி பிடித்த மாதிரி இருக்கும்.

காயவைப்பதற்கு மாசி, பங்குனியை விட்டால் உங்களுக்குக் கஷ்டம்தான். விறகடுப்புக்கு மேலே பரண் இருந்தால் மூங்கில் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். இல்லையா, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம், ஆயிரத்து இருநூறு மீட்டர் கீழே. இங்கே சொந்தக்காரர் மாடி யாருக்காவது இல்லாமலா இருக்கும்? மூட்டையை பஸ்ஸில் போட்டுவிடுங்கள், சித்திரை வெயிலில் மூன்றே நாளில் நொறுங்கும். நான் சொல்வது நிழல் வெயில். மேலே ஒரு வேட்டி போட்டு மூட வேண்டும்.

மே மாத மலர் கண்காட்சி முடிந்ததும் அண்ணா பூங்காவில் கிடைக்கிற பூவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் கண்ணுக்குத்தான். எரித்தால் ஒன்றும் இல்லை, உரக்குழிக்குக் கொடுத்துவிடுங்கள். தோட்டத்தில் காய்ந்து விழுந்த சந்தனக் கிளையா? சொந்த நிலத்து மரமானாலும் வனத்துறையிடம் சொல்லாமல் கை வைக்காதீர்கள். தூபம் செய்யப்போய்க் கேஸ் ஆகிவிடும்.

சாமிக்குச் சாத்திய நிர்மால்யத்தை அரைத்து எரிப்பது பாவம் இல்லையா? ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார்.
— பொன்னம்மாபேட்டை வாசகி

உங்கள் மாமியார் சொல்வது சரி. கால் படக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் விடு, இல்லாவிட்டால் மரத்தடியில் போடு என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஆனால் அம்மா, அந்த ஓடுகிற தண்ணீர் எங்கே ஓடுகிறது? சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற திருமணிமுத்தாறு ஊருக்குள் என்ன கதியில் இருக்கிறது என்று ஒரு பாலத்தின் மேல் நின்று பார்த்தால் போதும். அதில் பூவை விடுவதைக் காட்டிலும் காலில் மிதிபடுவதே மேல் என்று தோன்றும்.

எனக்குத் தெரிந்த ஒரு குருக்களிடம் கேட்டேன். சிவன் கோயில் நிர்மால்யம் சண்டிகேஸ்வரருக்கு உரியது, ஒருமுறை சாத்தியதை மறுபடி சாமிக்கு எந்த ரூபத்திலும் கொடுக்கக்கூடாது என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அதனால் நிர்மால்யத்தில் செய்த தூபத்தை நான் சாமிக்குக் காட்டுவதில்லை. வாசலுக்கு, தலை குளித்த அன்று கூந்தல் உலர்த்த, மழைக்காலத்தில் துணி அலமாரி இருக்கிற அறைக்கு என்று வைத்துக்கொள்கிறேன். சாமிக்கு நல்ல சாம்பிராணி. இதை எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. என் தங்கை சாமிக்கே ஏற்றுகிறாள், அம்மன் இதுவரை அவளைக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

செண்டுமல்லிப் புகைக்குக் கொசு செத்துவிடும் என்கிறார்களே, கைக்குழந்தை இருக்கிற அறையில் வைக்கலாமா?
— சூரமங்கலம் வாசகி

வேண்டாம். எந்தப் பூ, எந்த மூலிகை ஆனாலும் புகை புகைதான். கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர் இருக்கிற அறையில் எதையும் ஏற்றாதீர்கள். குழந்தைக்குக் கொசுவலைதான் மருந்து.

செண்டுமல்லிப் புகை நெடியாக இருக்கும், கொசு கொஞ்சம் தள்ளி நிற்கலாம். சாவது எல்லாம் கதை. சாமந்தியில்தானே கொசுவர்த்தி செய்தார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அது பைரித்ரம் என்கிற வேறு பூ, பார்க்கத்தான் வெள்ளைச் சாமந்தி மாதிரி இருக்கும். ஜப்பானில் அந்தப் பூப்பொடியை முதலில் ஊதுபத்தி மாதிரி குச்சியாகத்தான் செய்தார்கள், சுருளாக வளைத்தது அப்புறம். நம் மாலைச் சாமந்திக்கு அந்தச் சக்தி கிடையாது.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சாம்பிராணி கறுப்பாகப் புகைகிறது. கலப்படமா?
— அஸ்தம்பட்டி வாசகர்

அப்படித்தான் தெரிகிறது. எனக்கும் ஒரு கடையில் பளபளவென்று தேன் நிறத்தில் கட்டி கட்டியாகக் கொடுத்தார்கள், விலையும் மலிவு. வீட்டுக்கு வந்து கங்கில் போட்டால் சுவர் கறுத்ததுதான் மிச்சம். பைன் மரத்து ரோசின் கலந்திருந்தால் புகை கறுப்பாகக் கரி பிடிக்கும், பெயின்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி டர்பன்டைன் நெடி அடிக்கும். நல்ல சாம்பிராணி வெள்ளையாகப் புகையும், அடியில் ஒரு தித்திப்பு வாசம் இருக்கும். முதலில் ஐம்பது கிராம் மட்டும் வாங்கிக் கங்கில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கிலோ வாங்குங்கள்.

எங்கள் மகளிர் குழுவில் செய்து விற்கலாம் என்று நினைக்கிறோம். ஓடுமா?
— ஓமலூர் வாசகி

கான்பூரில் கோயில் பூவை வைத்தே பெரிய கம்பெனியாக வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஆகவே ஓடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களிடம் மெஷின் இருக்கிறது, சோதனைக்கூடம் இருக்கிறது. குச்சி உருட்டி விலையில் போட்டி போடாதீர்கள், மெஷின் பத்தியோடு கைப்பத்தி நிற்காது. கப் சாம்பிராணி, கோன் என்று இறங்குங்கள், கார்த்திகையிலும் மார்கழியிலும் கேட்டு வாங்குவார்கள். அட்டைப் பெட்டியில் என்னென்ன போட்டிருக்கிறது என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

"கொசு விரட்டும்" என்று மட்டும் அச்சடிக்காதீர்கள். அப்படிச் சொல்லி விற்க 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். மூலிகை என்று எழுதினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோன் பிடிக்கக் கை வலிக்கிறது. முறுக்கு அச்சில் பிழியலாமா?
— குகை வாசகி

நம்ம தெருக்காரர்! பேஷாகப் பிழியலாம். தேன்குழல் வில்லையில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டு மற்றதை அடைத்துக்கொள்ளுங்கள். நீளமாக வரும், விரல் நீளத்துக்கு வெட்டி மூங்கில் தட்டில் நேராகக் கிடத்துங்கள், காய்கிறபோது ஒருமுறை உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் வளையும். பொடி அரைக்க மிக்சி வேண்டாம், சீயக்காய், அரப்பு அரைக்கிற மெஷினில் கொடுங்கள். மாவு மில்காரர் பார்த்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்.

ஆனால் அச்சு தனி அச்சாக இருக்க வேண்டும், அதன் மேல் பெரிதாக எழுதியும் வைக்க வேண்டும். நான் எழுதவில்லை. தீபாவளிக்கு வந்த நாத்தனார் அதைக் கழுவி எடுத்து இரண்டு படி மாவுக்கு முறுக்குப் பிழிந்துவிட்டார். அடுப்பிலிருந்து எடுத்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, வாயைத் திறக்கவில்லை. அத்தனையையும் கொல்லைக்குக் கொண்டுபோகலாம் என்று நான் சாக்கு தேடுவதற்குள் பக்கத்து வீட்டுக்குத் தட்டு போய்விட்டது. மறுநாள் அந்த அம்மா வாசலில் பிடித்துக்கொண்டு, "முறுக்குல ஓமத்துக்குப் பதிலா என்னமோ போட்டிருக்கீங்களே, என்னது?" என்று கேட்டார்கள். வெட்டிவேர் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.